கன்டெய்னருக்குள் கன்டெய்னர்: ரூட் தராமல் டெஸ்ட் ஓட்ட எந்த வழி?

வேலூர் வட்டாரத்தில் இந்தக் கேள்வி இரண்டு விதமான இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, காட்பாடிப் பக்கத்துக் கல்லூரி லேப். 60 மாணவர்களுக்குப் பொதுவாக ஒரே சர்வர், யாருக்கும் ரூட் (மெஷினின் முழு அதிகாரம்) கிடையாது. இன்னொன்று, சத்துவாச்சாரியில் மாடி அறையில் நான்கைந்து பேர் உட்கார்ந்து, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளுக்கும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கும் ஸ்டாக், பில் மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகம். அங்கே இருப்பது ஒரே ஒரு டெஸ்ட் மெஷின். வாடிக்கையாளரின் டேட்டா நகலும் அதிலேயே கிடக்கும். இரண்டு இடத்திலும் தேவை ஒன்றுதான். டெஸ்ட் ஒரு கன்டெய்னருக்குள், அதாவது வெளி மெஷினின் (ஹோஸ்ட்) கெர்னலையே பகிர்ந்துகொண்டு தனியாக ஓடும் பெட்டிக்குள், ஓட வேண்டும். கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. அந்த டெஸ்டே போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் டேட்டாபேஸ்கள் என்று இன்னும் சில கன்டெய்னர்களைக் கிளப்பும். இதற்காக யாருக்கும் ரூட் கொடுக்கக் கூடாது.

வழிகள் ஐந்தாறு உண்டு. டூலின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இரண்டாம் வாரமே மாட்டிக்கொள்வோம். உங்கள் டெஸ்ட் கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டால், பாதி வழிகள் தாமாகவே கழன்றுவிடும். டெபியன் லினக்ஸின் பேக்கேஜ் சோதனைக் கருவியான ஆட்டோபிகேஜிடெஸ்ட் இந்த விஷயத்தில் நல்ல பழக்கம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு டெஸ்டும் தனக்கு 'ஐசொலேஷன்-கன்டெய்னர்' போதுமா, 'ஐசொலேஷன்-மெஷின்' வேண்டுமா என்று தானே சொல்லிவிட வேண்டும். முதல் வகைக்குத் தனி சர்வீஸ்களும் நெட்வொர்க் போர்ட்டும் இருந்தால் போதும். இரண்டாவது வகை கெர்னலையே தொடும். நம் டெஸ்ட்களிலும் அதே கோட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

உள்ளுக்குள் உள் தேவைதானா?

டெஸ்டுக்கு ஒரு போஸ்ட்கிரெஸ் வேண்டும் என்பதற்காக மட்டும் கன்டெய்னருக்குள் கன்டெய்னர் வைப்பது வீண் வேலை. டாக்கர் போலக் கன்டெய்னர் ஓட்டும் கருவியான பாட்மேனில் ஒரு பாட் (கன்டெய்னர்களின் கூட்டம்) உருவாக்கி, டெஸ்டையும் போஸ்ட்கிரெஸையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே நெட்வொர்க் நேம்ஸ்பேஸில் (கெர்னல் பிரித்துத் தரும் தனி நெட்வொர்க்கில்) இருக்கும். டெஸ்ட் லோக்கல்ஹோஸ்ட் 5432-ஐ அழைத்தால் வேலை முடிந்தது. அடுத்தவர் ஓட்டும் டெஸ்டுக்கு வேறு பாட், அதே 5432, மோதல் இல்லை.

உள் அடுக்கு உண்மையாகவே தேவைப்படுவது இரண்டு நிலைகளில். நீங்கள் எழுதும் மென்பொருளே கன்டெய்னர்களைக் கிளப்பும் வகையாக இருப்பது ஒன்று. டெஸ்ட்கன்டெய்னர்ஸ் போன்ற லைப்ரரி டெஸ்ட் நடுவே கன்டெய்னர் கேட்பது மற்றொன்று. இரண்டாவதற்கும் பல சமயம், கன்டெய்னர் டூலுக்குக் கட்டளை அனுப்பும் வாசலான சாக்கெட் ஒன்றைக் கொடுத்தாலே போதும்.

சாக்கெட்டும் பிரிவிலேஜ்டும்

லேப் இன்சார்ஜிடம் மாணவர்கள் கேட்பது வழக்கமாக இப்படித்தான் இருக்கும்: "சார், ரூட்டெல்லாம் வேணாம் சார். டாக்கர் குரூப்ல மட்டும் சேர்த்து விட்டுடுங்க, போதும்." கேட்பவருக்கு அது சின்ன உதவி. ஆனால் சாதாரண முறையில் நிறுவிய டாக்கரின் டீமன் (பின்னணியில் ஓடும் சர்வீஸ்) ரூட்டாக ஓடுகிறது. அந்தக் குரூப்பில் இருப்பவர் ஹோஸ்டின் மொத்த டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்து, பாஸ்வேர்டு கோப்பைத் திருத்திவிட்டு வெளியே வரலாம். அதற்கு ஒரு வரி கமாண்ட் போதும். டாக்கர் குரூப் என்பது பாஸ்வேர்டு கேட்காத ரூட். டாக்கர் சாக்கெட்டை டெஸ்ட் கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்து கொடுப்பதும் இதேதான்.

பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், இதில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. இப்படிக் கிளப்பும் கன்டெய்னர் உள்ளே இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது. டெஸ்ட் தன் கன்டெய்னருக்குள் ஒரு கான்ஃபிக் கோப்பை எழுதி, அந்தப் பாதையை போஸ்ட்கிரெஸ் கன்டெய்னருக்கு மவுண்ட் செய்யச் சொல்லும். டீமனோ அந்தப் பாதையை ஹோஸ்டில் தேடும். அங்கே அப்படி ஒன்று இல்லையென்றால், அதே பெயரில் ஒரு காலி அடைவை உருவாக்கி மவுண்ட் செய்துவிடும். கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் அடைவு இருக்கிறது என்று போஸ்ட்கிரெஸ் புலம்பும். கோடில் பிழை தேடி அரை நாள் ஓடும்.

பிரிவிலேஜ்ட் கன்டெய்னருக்குள் டாக்கர் டீமனை ஓட்டும் முறையில் இந்தப் பாதைச் சிக்கல் இல்லை. ஆனால் ரூட் டாக்கரில் பிரிவிலேஜ்ட் என்றால் ரூட் அதிகாரத்தின் துண்டுகளான எல்லாக் கேபபிலிட்டியும், எல்லா டிவைஸும், செக்காம்ப் (கெர்னல் அழைப்புகளை வடிகட்டுவது), ஆப்ஆர்மர் (புரோகிராம் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்துவது) இரண்டும் இல்லாத நிலை. உள்ளே இருக்கும் ரூட் ஹோஸ்டின் டிஸ்க் டிவைஸையே மவுண்ட் செய்யலாம். பொது சர்வரில் இதற்கு இடமே இல்லை. வேறெதுவும் இல்லாத தனி மெஷின், தூக்கி எறியும் வெர்ச்சுவல் மெஷின் என்றால் மட்டும் பரவாயில்லை.

சாக்கெட் வழியையே ரூட் இல்லாமல் செய்யலாம். அலுவலகத்துக்கு என் முதல் தேர்வு அதுதான். ரூட்லெஸ் பாட்மேனில் அந்தந்தப் பயனரின் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிப்பது) யூசர் சர்வீஸாகப் பாட்மேன் சாக்கெட்டை எனேபிள் செய்தால், பயனர் எண் 1000 என்றால் /ரன்/யூசர்/1000/பாட்மேன் அடைவில் சாக்கெட் வந்து நிற்கும். டெஸ்ட் கன்டெய்னருக்குள் அதை மவுண்ட் செய்து, டாக்கர் ஹோஸ்ட் மாறியில் அந்தப் பாதையைக் கொடுங்கள். சாக்கெட்டைப் பிடித்தவருக்குக் கிடைப்பது அந்த ஒரு பயனரின் அதிகாரம் மட்டும். அவருடைய ஹோம் அடைவு போகலாம், மெஷின் போகாது. டெஸ்ட்கன்டெய்னர்ஸின் ரயுக் என்ற துப்புரவுக் கன்டெய்னர் இதில் அடிக்கடி முரண்டு பிடிக்கும். அதை அணைக்க ஒரு சூழல் மாறி உண்டு. அணைத்தால் மிச்சக் கன்டெய்னர்களை டெஸ்ட் முடிவில் நீங்களே அழிக்க வேண்டும். பயனர் லாகவுட் ஆனதும் சாக்கெட்டும் செத்துவிடாமல் இருக்க, லாகின்சிடிஎல் வழியாக அவருக்கு 'லிங்கர்' போட்டு வையுங்கள். ஃபெடோரா வகை லினக்ஸில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு சாக்கெட்டைத் தொட விடாது. அந்தக் கன்டெய்னருக்கு மட்டும் லேபிளை அணைக்க வேண்டும்.

பாதைச் சிக்கல் இதிலும் உண்டு. மவுண்ட் செய்வதற்குப் பதிலாகக் கோப்பைக் கன்டெய்னருக்குள் நகலெடுக்கும்படி டெஸ்டை மாற்றி எழுதினால் தீரும். மாற்ற முடியாதவர்களுக்கும், கன்டெய்னர் கிளப்பும் மென்பொருளையே டெஸ்ட் செய்பவர்களுக்கும் அடுத்த வழி.

ரூட்லெஸ் பாட்மேனுக்குள் ரூட்லெஸ் பாட்மேன்

இந்த வழிக்கு அடிப்படை யூசர் நேம்ஸ்பேஸ். 2013-இல் வந்த 3.8 கெர்னலிலிருந்து சாதாரணப் பயனரே அதை உருவாக்கலாம். உள்ளே அவர் ரூட், வெளியே அதே சாதாரணப் பயனர். கெர்னல் 32 அடுக்குவரை அனுமதிக்கிறது. ஆனால் நடைமுறையில் இரண்டாம் அடுக்கிலேயே எண்கள் தீர்ந்துவிடும். கணக்கைப் பார்த்துவிடுவோம், வரும் பிழைகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் முளைக்கிறது.

புதுப் பயனர் கணக்கு தொடங்கும்போது சப்யூஐடி, சப்ஜிஐடி என்ற இரு கோப்புகளில் அவருக்கு 65536 எண்கள் ஒதுக்கப்படும். முதல் பயனருக்கு அது 100000-இல் தொடங்கும். வெளிக் கன்டெய்னரில் 0 என்பது ஹோஸ்டின் 1000, அதாவது அந்தப் பயனரே. 1 முதல் 65536 வரை ஹோஸ்டின் 100000 முதல் 165535 வரை. பாட்மேன் திட்டம் வெளியிடும் ஸ்டேபிள் இமேஜை (கன்டெய்னர் கிளம்பத் தேவையான கோப்புத் தொகுப்பை) வெளிக் கன்டெய்னராக எடுத்தால், அதற்குள் 'பாட்மேன்' என்ற பயனர் 1000 என்ற எண்ணோடு இருக்கிறார். அவருடைய சப்யூஐடியில் இரண்டு வரிகள்: 1-லிருந்து 999 எண்கள், 1001-லிருந்து 64535 எண்கள். நடுவில் 1000 விடுபட்டிருப்பது அவரே அந்த எண் என்பதால்.

இப்போது உள் கன்டெய்னர். அதன் 0 வெளியின் 1000 ஆகும், ஹோஸ்டில் அது 100999. உள்ளே 33 என்ற வெப் சர்வர் பயனர் வெளியிலும் 33, ஹோஸ்டில் 100032. கடைசி எண் 65534, அதாவது 'நோபடி' என்ற உரிமையற்ற பயனர். அது வெளியின் 65535, ஹோஸ்டின் 165534. நூலிழையில் உள்ளே வந்துவிட்டது. ஹோஸ்டில் புராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையை அடித்து 100999 என்று கண்டால் அது உள் கன்டெய்னரின் ரூட் என்று சட்டென்று அடையாளம் காணலாம். இந்த இரண்டு வரிகளை மாற்றி எழுதி ஓர் எண் குறைந்தாலும், அல்லது மூன்றாவது அடுக்குக்குப் போனாலும், நோபடிக்கு இடம் இருக்காது. அந்த எண்ணுக்குச் சொந்தமான கோப்பு உள்ள இமேஜை இழுக்கும்போது, யூசர் நேம்ஸ்பேஸில் எண்கள் போதவில்லை, சப்யூஐடியைப் பார் என்ற பிழையோடு நிற்கும். இதைப் பார்த்துவிட்டு உள்ளே சப்யூஐடியில் பெரிய எண்ணாக எழுதிப் பயன் இல்லை. வெளியில் இல்லாத எண்ணை உள்ளே கொடுக்க முடியாது. ஹோஸ்டில் ஒதுக்கீட்டை 65536-இலிருந்து 131072 ஆக்கி, பாட்மேனின் சிஸ்டம் மைக்ரேட் கட்டளையை ஓட்டினால்தான் புது எண்கள் நடைமுறைக்கு வரும்.

கல்லூரியில் இன்னொரு சங்கடம். எல்டாப் (மையக் கணக்குப் பட்டியல்) வழியாக லாகின் ஆகும் மாணவர்களுக்கு இந்த ஒதுக்கீடு தானாக நடக்காது. கணக்கு உள்ளூரில் உருவாகவே இல்லையே. ஸ்க்ரிப்ட் எழுதி வரிகளைச் சேர்க்க வேண்டும். 60 பேருக்கு 65536 வீதம் 100000-இல் தொடங்கினால் 4032159-இல் முடியும். எண்ணுக்குப் பஞ்சமே இல்லை, எனவே இருவருக்கு ஒரே வரம்பைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஒருவர் கன்டெய்னரின் கோப்பை மற்றவர் படிக்கலாம், புராசஸைக் கொல்லலாம். ஹோம் அடைவு என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் டிஸ்க்கில்) இருந்தாலும் பாட்மேன் அங்கே இமேஜ் வைக்க முடியாது. 100032-க்கு உரிமை மாற்றச் சொன்னால், அந்த எண் இந்தப் பயனருக்கு உரியது என்று என்எஃப்எஸ் சர்வருக்குத் தெரியாது, மறுத்துவிடும். ஸ்டோரேஜ் கான்ஃபிக்கில் ரூட்லெஸ் பாதையை ஒவ்வொரு மெஷினின் உள்ளூர் டிஸ்க்கிற்குத் திருப்பிவிடுங்கள்.

எண்களுக்கு அடுத்த தடை, கெர்னல் தன் தகவல்களைக் காட்டும் /ப்ராக் அடைவு. உள் கன்டெய்னர் தனக்கென்று புதிதாக /ப்ராக் மவுண்ட் செய்யும். ஏற்கெனவே இருக்கும் /ப்ராக் முழுதாகத் தெரிந்தால்தான் கெர்னல் அதை அனுமதிக்கும். கன்டெய்னர் ரன்டைம்களோ மெமரியைக் காட்டும் கேகோர் போன்ற சில கோப்புகளைப் பாதுகாப்புக்காக மூடி வைக்கின்றன. மூடியதைப் புது மவுண்ட் வழியாகத் திறந்து பார்த்துவிடக் கூடாது என்பதால் கெர்னல் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று மறுக்கும். பிழைச் செய்தியில் ப்ராக் என்ற சொல் மட்டும்தான் இருக்கும், காரணம் இருக்காது. வெளிக் கன்டெய்னரைக் கிளப்பும்போது செக்யூரிட்டி விருப்பத்தில் அன்மாஸ்க்=ஆல் என்று கொடுத்தால் தீர்ந்தது. டாக்கரில் இதற்குச் சிஸ்டம்பாத்ஸ்=அன்கன்ஃபைன்ட், குபர்நெட்டிஸில் ப்ராக்மவுண்ட் அன்மாஸ்க்ட்.

மூன்றாவது, ஸ்டோரேஜ். இமேஜின் லேயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும் ஓவர்லே கோப்பு முறையை யூசர் நேம்ஸ்பேஸுக்குள் மவுண்ட் செய்யும் வசதி 2021-இல் 5.11 கெர்னலில்தான் வந்தது. அதற்கு முந்தைய கெர்னலில் ஃபியூஸ்-ஓவர்லேஎஃப்எஸ் வேண்டும், அதற்கு /டெவ்/ஃபியூஸ் டிவைஸை வெளிக் கன்டெய்னருக்குக் கொடுக்க வேண்டும். புதுக் கெர்னலிலும் இமேஜின் ஸ்டோரேஜ் கான்ஃபிக்கில் ஃபியூஸ் என்று எழுதியிருந்தால் அது அதையேதான் தேடும். அந்த வரியை நீக்கினால் வேகம் கூடும். இன்னொரு விதி: ஓவர்லேயின் மேல் அடுக்கு இன்னொரு ஓவர்லேயில் இருக்கக் கூடாது. எனவே உள் பாட்மேனின் இமேஜ் அடைவு, கன்டெய்னர் லேயருக்கு வெளியே இருக்கும் ஒரு வால்யூமாக இருக்க வேண்டும். ஸ்டேபிள் இமேஜில் அது வால்யூமாகவே அறிவிக்கப்பட்டிருக்கிறது. நீங்களே கட்டிய இமேஜில் மறந்துவிடுவீர்கள். மறந்தால் மவுண்ட் தோற்கும். விஎஃப்எஸ் டிரைவருக்கு மாற்றினால் தப்பிக்கலாம், ஆனால் அது ஒவ்வொரு லேயருக்கும் முழு நகல் எடுக்கும். பத்து லேயர் இமேஜ் டிஸ்க்கில் பத்து மடங்குக்குப் பக்கமாக வீங்கி நிற்கும். வேறு வழியே இல்லாதபோது மட்டும். வெளிக் கன்டெய்னரை ஆர்எம் விருப்பத்தோடு ஓட்டாவிட்டால், ஒவ்வொரு முறையும் பெயரில்லா வால்யூம் ஒன்று மிஞ்சிக்கொண்டே போகும்.

நெட்வொர்க்குக்கு /டெவ்/நெட்/டன் டிவைஸைக் கொடுக்க வேண்டும். ரூட்லெஸ் நெட்வொர்க்கைக் கவனிக்கும் கருவி பழைய ஸ்லர்ப்4நெட்என்எஸ் ஆனாலும், 2024-இல் பாட்மேன் 5.0 இயல்பாக எடுத்துக்கொண்ட பாஸ்டா ஆனாலும் அதைக் கேட்கும். 'நோ நியூ பிரிவிலேஜஸ்' விருப்பத்தை வெளிக் கன்டெய்னருக்குப் போடாதீர்கள். எண்களை மேப் செய்யும் நியூயூஐடிமேப் கருவி, தன் கோப்பில் உள்ள கூடுதல் உரிமையால்தான் வேலை செய்கிறது. அந்த விருப்பம் அதை வெட்டிவிடும்.

இத்தனை விருப்பங்களையும் ஒவ்வொன்றாகக் கொடுக்கச் சோம்பலாக இருந்தால், ரூட்லெஸ் பாட்மேனில் வெளிக் கன்டெய்னருக்குப் பிரிவிலேஜ்ட் போட்டுவிடலாம். மேலே திட்டிய அதே சொல்தான், ஆனால் இங்கே அதற்குப் பல் இல்லை. கிளப்பிய பயனருக்கு இல்லாத அதிகாரம் எதையும் அது தராது. மூடிய ப்ராக் திறக்கும், செக்காம்ப் விலகும், அவ்வளவுதான். செக்காம்ப் விலகுவதால் கெர்னலின் முன் நிற்கும் வேலி ஒன்று குறைகிறது என்பது உண்மை. அறிமுகமில்லாதவர்கள் அனுப்பும் கோடை ஓட்டுவதாக இருந்தால் தனித்தனி விருப்பங்களையே கொடுங்கள்.

ஹோஸ்ட் உபுண்டு 24.04 என்றால் இன்னொரு தடை உண்டு. அதில் ஆப்ஆர்மர், ப்ரொஃபைல் இல்லாத புரோகிராம்கள் உருவாக்கும் யூசர் நேம்ஸ்பேஸுக்கு அதிகாரம் தர மறுக்கிறது. உபுண்டுவின் பாட்மேன் பேக்கேஜுக்கு ப்ரொஃபைல் உண்டு, அது பைனரியின் பாதையை வைத்துப் பொருந்தும். நீங்களே கம்பைல் செய்து ஹோம் அடைவில் வைத்த பாட்மேனுக்கு அது பொருந்தாது. அதற்கென ஒரு ப்ரொஃபைல் எழுதுவதே சரி. சிஸ்சிடிஎல்லில் அந்தத் தடையை மொத்தமாக 0 ஆக்குவது சுலபம்தான், ஆனால் அது சர்வரில் உள்ள எல்லாருக்கும் திறந்துவிடும்.

வெளிக் கன்டெய்னர் ரூட் டாக்கராகவும், உள்ளே ரூட்லெஸ் பாட்மேனாகவும் வைக்கும் கலவையைச் சிலர் கேட்பார்கள். முடியும். டாக்கரின் செக்காம்ப் அன்ஷேரைத் தடுக்கும், அதன் ஆப்ஆர்மர் ப்ரொஃபைல் மவுண்ட்டைத் தடுக்கும், சிஸ்டம்பாத்ஸும் மூடியிருக்கும். மூன்றையும் திறந்துவிட வேண்டும். அந்தச் சிரமத்துக்கு ஹோஸ்டில் பாட்மேனையே நிறுவிவிடலாம். டாக்கரின் ரூட்லெஸ் வகையும் 2020 டிசம்பரின் 20.10 முதல் முழு ஆதரவோடு இருக்கிறது; டாக்கர் பழகியவர்களுக்கு அது சரியாக வரும்.

கரன்ட் போய் வந்த பிறகு

மே மாதம் யூபிஎஸ் பேட்டரி பல்லிளித்து மெஷின் அணைந்து திரும்ப வந்தால், உள் பாட்மேன் எந்தக் கட்டளைக்கும் மசியாமல், பூட் ஐடி மாறிவிட்டது, கவனிக்கப்படாத ரீபூட் நடந்திருக்கிறது என்று சொல்லும். பாட்மேன் தன் தற்காலிக நிலையை ஒவ்வொரு ரீபூட்டிலும் துடைக்கப்படும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் எதிர்பார்க்கிறது. வெளிக் கன்டெய்னருக்குள் /டிஎம்பி சாதாரண டிஸ்க் லேயர், அது துடைக்கப்படவில்லை. பிழையிலேயே இரண்டு அடைவுகளின் பெயர் இருக்கும், அவற்றை அழித்தால் சரியாகிவிடும். நிரந்தரத் தீர்வு, வெளிக் கன்டெய்னரின் /டிஎம்பியையும் /ரன்னையும் டிஎம்பிஎஃப்எஸ்ஸாக மவுண்ட் செய்வது. அதைவிட நல்லது, வெளிக் கன்டெய்னரை வைத்துக் காப்பாற்றாமல் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாகக் கிளப்புவது.

வெயில் இன்னொரு விதத்திலும் விளையாடும். ஏசி இல்லாத அறையில் சிபியு சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொண்டால், 2 விநாடி டைம்அவுட் வைத்த டெஸ்ட்கள் மதியம் தோற்று, இரவில் தேறும். கன்டெய்னரின் மேல் பழி போடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

மெமரி, பிஐடி, இமேஜ் இழுவை

உள் அடுக்கில் சிகுரூப் (மெமரி, சிபியு வரம்பு போடும் கெர்னல் வசதி) பெரும்பாலும் வாசிக்க மட்டுமே கிடைக்கும். எனவே வரம்புகளை வெளிக் கன்டெய்னருக்கே போடுங்கள். மெமரிக்கும் பிஐடி (புராசஸ்) எண்ணிக்கைக்கும் ரூட்லெஸ் வரம்பு சிகுரூப் 2-இல் நேரடியாக வேலை செய்யும். சிபியு வரம்பு போட, பல விநியோகங்களில் சிஸ்டம்டியின் யூசர் சர்வீஸுக்கு டெலிகேட் வரி ஒன்று சேர்க்க வேண்டியிருக்கும். பாட்மேனின் இயல்பான பிஐடி வரம்பு 2048. உள்ளே நான்கு ஜாவா சர்வீஸ் கிளம்பினால் த்ரெட்களும் அந்தக் கணக்கில் சேர்ந்து, ஃபோர்க் முடியவில்லை என்று ஒன்று சுருண்டு விழும். வரம்பை உயர்த்துங்கள். என்ப்ராக் கட்டளை பெரும்பாலும் ஹோஸ்டின் எல்லாக் கோர்களையும் காட்டும். அதை நம்பி 16 கோர் மெஷினில் மேக் கட்டளைக்கு ஜே எண் கொடுத்தால் 16 கம்பைலர் ஒரே நேரத்தில் மெமரியைத் தின்னும்.

நிறையக் கன்டெய்னர்கள் ஓடும்போது 'டிஸ்க் கோட்டா எக்ஸீடட்' என்று ஒரு பிழை வரும், டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கும். அது டிஸ்க் அல்ல, கெர்னல் சாவிகளை வைத்திருக்கும் கீரிங். ஒரு பயனருக்கு 200 கீ என்பது இயல்பான வரம்பு; ஒவ்வொரு கன்டெய்னரும் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. கன்டெய்னர் கான்ஃபிக்கில் கீரிங்கை அணைத்துவிடலாம்.

உள் பாட்மேனுக்கு இமேஜ் அடைவு தனி என்பதால் ஒவ்வொரு ஓட்டத்திலும் இமேஜை மறுபடி இழுக்கும். டாக்கர் ஹப் 2020 நவம்பரிலிருந்து லாகின் இல்லாமல் இழுப்பதை ஐபி முகவரி வாரியாக எண்ணி நிறுத்துகிறது. கல்லூரி முழுவதும் ஒரே பொது ஐபியின் பின்னால் இருப்பதால் ஒரு வகுப்பு தொடங்கிய சில நிமிடத்திலேயே எல்லாருக்கும் வாசல் மூடும். லேபிலேயே ஒரு ரெஜிஸ்ட்ரி வைத்து, தேவையான ஏழெட்டு இமேஜ்களை அதில் ஏற்றிவிடுங்கள்.

இன்கஸ்

எல்எக்ஸ்டி என்ற கன்டெய்னர் நிர்வாகக் கருவியிலிருந்து 2023-இல் பிரிந்த இன்கஸ் முழு சிஸ்டம் கன்டெய்னர் தருகிறது: உள்ளே சிஸ்டம்டி பூட் ஆகும், சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும், லாக் ஜர்னலில் போகும். பில் மென்பொருளை டெப் பேக்கேஜாக நிறுவி, சர்வீஸ் கிளம்புகிறதா, அப்டேட்டுக்குப் பிறகும் கிளம்புகிறதா என்று பார்க்கும் டெஸ்டுக்கு இதைவிட வசதி இல்லை. கன்டெய்னர்கள் இயல்பாகவே அன்பிரிவிலேஜ்ட். உள்ளே பாட்மேனோ டாக்கரோ ஓட்ட, செக்யூரிட்டி நெஸ்டிங் என்ற ஒரே அமைப்பை ட்ரூ ஆக்கினால் போதும். மேலே பார்த்த ப்ராக் சிக்கலை இது அழகாகச் சமாளிக்கிறது. /டெவ்/.எல்எக்ஸ்சி அடைவில் மூடாத ப்ராக் ஒன்றை மறைவாக மவுண்ட் செய்து வைக்கும், கெர்னலின் நிபந்தனை நிறைவேறிவிடும். எல்எக்ஸ்சிஎஃப்எஸ் துணையோடு மெமரி அளவும் கன்டெய்னருக்கு ஒதுக்கியபடியே தெரியும், ஹோஸ்டின் அளவு தெரியாது. எண்களும் தாராளம்: ரூட் பெயரில் கோடிக்கணக்கான சப்யூஐடி ஒதுக்கி, கன்டெய்னருக்கு 65536-க்கு மேல் கொடுக்கலாம், நோபடி விளிம்பில் தொங்க வேண்டியதில்லை.

குறை என்ன? டீமன் ரூட்டாக ஓடுகிறது. இன்கஸ்-அட்மின் குரூப்பில் சேர்ப்பது டாக்கர் குரூப்பில் சேர்ப்பதற்குச் சமம். மாணவர்களை 'இன்கஸ்' என்ற கட்டுப்பாட்டுக் குரூப்பில் மட்டும் சேருங்கள். அவரவருக்குத் தனி ப்ராஜெக்ட் உருவாகும். ஆனால் கட்டுப்பட்ட ப்ராஜெக்டில் நெஸ்டிங் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று நிர்வாகி பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டோரேஜுக்கு இசட்எஃப்எஸ் கோப்பு முறை வைத்தால், ஓபன்இசட்எஃப்எஸ் 2.2-க்கு முன் உள்ளே ஓவர்லே வேலை செய்யாது, உள் டாக்கர் விஎஃப்எஸ்ஸுக்குப் போய்விடும்.

வெர்ச்சுவல் மெஷின்

கெர்னல் மாட்யூல் ஏற்றுவது, லூப் டிவைஸில் எக்ஸ்ட்4 மவுண்ட் செய்வது, டிவைஸ் கோப்பு உருவாக்குவது, கடிகாரத்தை மாற்றுவது: இவை எந்த யூசர் நேம்ஸ்பேஸிலும் நடக்காது. அடுக்கைக் கூட்டியும் குறைத்தும் பயனில்லை. இவற்றுக்குக் கெர்னலின் வெர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம் வேண்டும். கல்லூரியில் மாணவரைக் கேவிஎம் குரூப்பில் சேர்ப்பது ரூட் தருவது அல்ல. வெர்ச்சுவல் மெஷினை ஓட்டும் க்யூஎமுவை அவரே தன் பெயரில், யூசர் மோட் நெட்வொர்க்கோடு ஓட்டலாம். லிப்விர்ட் குரூப் வேறு கதை, அது ரூட்டாக ஓடும் சிஸ்டம் டீமனைப் பிடித்துக் கொடுக்கும். 16 ஜிபி மெஷினில் ஹோஸ்டுக்கு 4 ஜிபி விட்டு, ஆளுக்கு 2 ஜிபி என்றால் ஒரே நேரத்தில் 6 பேர். 60 பேர் லேபுக்கு இது ஒத்துவராது; இரவில் ஓடும் டெஸ்டுக்கு ஒத்துவரும். வாடகைக்கு எடுத்த க்ளவுட் மெஷினில் /டெவ்/கேவிஎம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாமல் க்யூஎமு ஓடும், ஆனால் மாட்டு வண்டி வேகத்தில்.

கடிகாரத்துக்காக மட்டும் வெர்ச்சுவல் மெஷின் வரை போக வேண்டாம். மார்ச் 31 நள்ளிரவில் நிதியாண்டு மாறும்போது பில் எண் 1-இலிருந்து தொடங்குகிறதா என்பது போன்ற டெஸ்டுக்கு, புரோகிராமுக்குப் போலி நேரம் காட்டும் லிப்ஃபேக்டைம் போதும், ரூட் வேண்டாம். கோ மொழியில் எழுதிய புரோகிராமை மட்டும் அது ஏமாற்றாது. டைம் நேம்ஸ்பேஸ் என்று ஒன்று கெர்னலில் இருக்கிறதே என்றால், அது பூட் ஆனதிலிருந்து ஓடும் கடிகாரத்தை மட்டும் மாற்றும், தேதியை அல்ல.

வெறும் கோப்பு முறையைத் தனிமைப்படுத்தினால் போதும், இமேஜ் எல்லாம் வேண்டாம் என்றால் பபிள்ராப். ஃபிளாட்பாக் என்ற ஆப் நிறுவும் முறை உள்ளே பயன்படுத்துவது அதுதான். எடை இல்லாத கருவி, ஒரே எண்தான் மேப் ஆகும், ஆகவே பயனர் மாறும் சர்வீஸ்களுக்கு உதவாது. உபுண்டு 24.04-இல் ப்ரொஃபைல் எழுதாமல் ஓடாது.

எங்கே ஓட்டினாலும் கவிழும் டெஸ்ட்கள்

சில தோல்விகளுக்கு டூலைக் குறை சொல்லக் கூடாது. சிமோட் 000 போட்ட கோப்பைப் படித்தால் பிழை வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் டெஸ்ட், கன்டெய்னரில் ரூட்டாக ஓடும்போது தோற்கும். ரூட்டுக்கு அந்தத் தடை கிடையாது. டெஸ்டை உள்ளே சாதாரணப் பயனராக ஓட்டுங்கள். 70000 என்ற எண்ணுக்குக் கோப்பு உரிமை மாற்றும் டெஸ்ட், அந்த எண் மேப்பில் இல்லாததால் 'இன்வேலிட் ஆர்க்யூமென்ட்' வாங்கும். 80-ஆம் போர்ட் கேட்கும் டெஸ்ட், உள்ளே ரூட்டாக இருக்கும்வரை ஓடும். அதை ஹோஸ்டின் 80-க்கு வெளியே எடுக்க முயன்றால்தான் 1024 என்ற எல்லை மறிக்கும். 8080-க்கு மாற்றிவிடுங்கள்.

நம் ஊர்ப் பில்களுக்கே உரிய இரண்டு உண்டு. அடிப்படை இமேஜ்களில் நேர மண்டலம் யூடிசி. நள்ளிரவு 12-க்கும் காலை 5.30-க்கும் இடையில் போட்ட பில் முந்தைய நாள் தேதியில் விழும், பகலில் டெஸ்ட் ஓட்டுபவருக்கு அது கண்ணில் படவே படாது. டைம்சோன் டேட்டா பேக்கேஜை நிறுவி, டிஇசட் மாறியில் ஏசியா/கொல்கத்தா என்று கொடுங்கள். யூடிசியிலும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. அதேபோல் லொக்கேல் (மொழி அமைப்பு) இல்லாத இமேஜில் தமிழ்ப் பெயர்கள் பைட் வரிசையில் அடுக்கப்படும், 'ஜ', 'ற', 'ன' எல்லாம் அகராதி வரிசைப்படி வராமல் நடுவில் புகுந்துவிடும். போஸ்ட்கிரெஸ் இமேஜுக்கும் வெளிக் கன்டெய்னருக்கும் லொக்கேல் வேறு வேறாக இருந்தால், ஒரே பட்டியல் டேட்டாபேஸில் ஒரு வரிசையிலும் கோடில் வேறு வரிசையிலும் நிற்கும்.

இரண்டு இடத்துக்கும்

சத்துவாச்சாரி அலுவலகம் ரூட்லெஸ் பாட்மேன் சாக்கெட்டோடு தொடங்கலாம். டெஸ்டுக்கென்று ஒரு தனிப் பயனர் கணக்கு வைத்து, வாடிக்கையாளர் டேட்டாவை அந்தப் பயனர் படிக்க முடியாத இடத்தில் வையுங்கள். நிறுவல் டெஸ்டுக்கு இன்கஸ் ஒன்று, பொறுப்பானவர் ஒருவர் மட்டும் அட்மின் குரூப்பில்.

கல்லூரிக்கு இரட்டை அடுக்குப் பாட்மேன். மாணவர் உள்ளே என்ன கலைத்தாலும் வெளிக் கன்டெய்னரை அழித்தால் எல்லாம் போய்விடும், இன்சார்ஜ் ஒவ்வொருவர் ஹோம் அடைவிலும் குப்பை தேட வேண்டாம். செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு மாணவர் கணக்கில் லாகின் செய்து இந்த வரிசையில் சோதியுங்கள். கெர்னல் 5.11 அல்லது அதற்கு மேலா? சப்யூஐடி, சப்ஜிஐடி இரண்டிலும் அவர் பெயர் இருக்கிறதா? பாட்மேன் அன்ஷேர் வழியாக /ப்ராக்/செல்ஃப்/யூஐடி_மேப் கோப்பைப் படித்தால் இரண்டு வரியும் தெரிகிறதா? ஒரே வரி, நீளம் 1 என்று வந்தால் மேப் நடக்கவில்லை. முதலில் யூஐடிமேப் பேக்கேஜ் நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள், டெபியனிலும் உபுண்டுவிலும் நியூயூஐடிமேப் அதில்தான் வருகிறது. அது சரியென்றால் வெளிக் கன்டெய்னரைக் கிளப்பி, உள்ளேயிருந்து அல்பைன் இமேஜில் ஒரு கட்டளையை ஓட்டிப் பாருங்கள். அது ஓடிவிட்டால் அடுத்ததாக டெபியன் இமேஜையும் இழுத்துப் பாருங்கள்.